மோஷன் நிரலின் கண்ணுக்கு என்ன தெரிகிறது? வெப்கேம் அசைவுப் பதிவில் பிழை தேடுவது

கேள்வி: பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டு லினக்ஸ் நிறுவி, யூஎஸ்பி வெப்கேம் ஒன்றை ஜன்னல் வழியாக வாசல் கேட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். அசைவு தெரிந்தால் வீடியோ பதிவாக வேண்டும் என்று மோஷன் நிரலைப் போட்டேன். சில நாள் தபால்காரர் வந்து போனால்கூட ஒரு வீடியோவும் இல்லை. சில நாள் ஆளே வராத மதிய வேளையில் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. த்ரெஷோல்டு எண்ணை (அசைவு என்று கொள்ளும் வரம்பு) கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று, பயனில்லை. எங்கே தவறு?

பதில்:

த்ரெஷோல்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். 1500 என்ற பழைய மதிப்புக்கே திருப்பி வைத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, குறைந்தது இரண்டு. ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் மற்றொன்று முற்றும். ஒரே திருகைத் திருப்பித் திருப்பி இரண்டையும் சரிசெய்யப் பார்ப்பதால்தான் எங்கும் போய்ச் சேரவில்லை.

கேமரா படம் எடுக்க வேண்டும். லினக்ஸின் உள்கருவான கர்னல் அந்தப் படத்தை நிரலிடம் கொடுக்க வேண்டும். நிரல் அதில் அசைவைக் காண வேண்டும். கண்டதை வட்டில் எழுத அதற்கு அனுமதி இருக்க வேண்டும். இந்த நான்கில் எது அறுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: வீடியோ இல்லை. எனவே எந்த இடத்தில் அறுந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அமைப்பு எண்களை மாற்றுவது அதற்குப் பிறகு. (அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படியே எழுதுகிறேன். மோஷன்.கான்ஃப் கோப்பில் சொற்களுக்கு இடையே அடிக்கோடு இருக்கும்.)

எமுலேட் மோஷன் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை 'ஆன்' ஆக்கினால், அசைவு இருக்கிறதோ இல்லையோ, எப்போதும் இருப்பதாகவே நிரல் எடுத்துக்கொண்டு பதிவு செய்யும். தொடர்ந்து பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்காக வைத்தது என்றாலும், பிழை தேடுவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆன் ஆக்கி, பின்னணியில் ஓடும் மோஷன் சேவையை மறுபடி தொடங்கி, சில நிமிடம் விட்டு, டார்கெட் டிர் என்று நீங்கள் குறித்த கோப்புறையைப் பாருங்கள். ஒழுங்கான வீடியோ விழுந்திருந்தால் கேமராவும் எழுதும் அனுமதியும் நன்றாக இருக்கின்றன, கோளாறு அசைவைக் காணும் இடத்தில். கோப்பே இல்லையென்றால் த்ரெஷோல்டை ஆயிரம் முறை மாற்றினாலும் ஒன்றும் நடக்கப் போவதில்லை. சோதனை முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் வட்டு நிறைந்துவிடும்.

கோப்பு விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். பத்தில் எட்டுப் பேருக்கு அனுமதிதான் காரணம் என்பது என் கணிப்பு. சேவையாக ஓடும்போது நிரல் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, 'மோஷன்' என்ற தனிப் பயனரின் பெயரில் ஓடுகிறது. நீங்களே டெர்மினலில் இயக்கினால் வேலை செய்கிறது, கணினியை மறுபடி தொடங்கினால் வேலை செய்யவில்லை என்ற புலம்பலுக்கு வேர் இதுதான். வீடியோக்கள் உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் விழும்படி வைத்திருப்பீர்கள். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாகும் வீட்டுக் கோப்புறையின் அனுமதி 750, அதாவது பிறர் உள்ளே நுழையவே முடியாது. உள்ளே இருக்கும் வீடியோ கோப்புறைக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்துவிட்டு 'எல்லாம் திறந்துதான் இருக்கிறது' என்பார்கள். அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தெருக்கதவைப் பூட்டினால் விருந்தாளி எப்படி வருவார்? வீட்டுக் கோப்புறையைத் திறந்துவிட வேண்டாம். நிரலோடு வரும் வார் லிப் மோஷன் கோப்புறையிலேயே எழுதவிட்டு, அங்கே போய்ப் படியுங்கள். வேறு இடம்தான் வேண்டுமென்றால் அதன் உரிமையை மோஷன் பயனருக்கு மாற்றிக் கொடுங்கள். கேமராவைத் திறக்கும் உரிமையும் இதே கதைதான்: மோஷன் பயனர் 'வீடியோ' குழுவில் இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க நிரலை அந்தப் பயனராகவே இயக்கிப் பாருங்கள். சேவையை நிறுத்துங்கள். வேறு பயனராகக் கட்டளையை ஓட்ட உதவும் சூடோவுக்கு 'யு' என்ற தெரிவோடு மோஷன் பயனரின் பெயரைக் கொடுத்து, மோஷன் கட்டளையை 'என்' தெரிவுடன் ஓட்டுங்கள். பின்னணிக்குப் போகாமல் கண்முன்னே ஓடும், முறையிட வேண்டியதையெல்லாம் திரையில் எழுதும். இங்கே ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் வெறும் சூடோ போட்டு, எல்லா உரிமையும் கொண்ட ரூட் பயனராக ஒரு முறை ஓட்டினாலும், நிரல் தன் நடப்பைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு ரூட்டின் பெயரில் உருவாகிவிடலாம். பிறகு சேவை அதில் எழுத முடியாமல் விழும். புதிதாக ஒரு கோளாறைச் சம்பாதித்துக்கொள்ளாதீர்கள்.

'சில நாள் ஒன்றுமே இல்லை' என்பதற்கு வருகிறேன். உங்களுடையது மடிக்கணினி. அதன் மூடியிலேயே ஒரு கேமரா இருக்கும், கூடவே யூஎஸ்பி கேமரா. இரண்டில் எது வீடியோ0, எது வீடியோ2 என்பது கணினி தொடங்கும்போது எது முந்திக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. வீடியோ1 எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். லினக்ஸ் கர்னல் 4.16 முதல் யூவிசி (யூஎஸ்பி வெப்கேம்களின் பொதுத் தரம்) வகைக் கேமரா ஒவ்வொன்றும் இரண்டு முனைகளாகத் தெரியும். ஒன்று படத்துக்கு, மற்றொன்று படத்தைப் பற்றிய துணைத் தகவலுக்கு. இரண்டாவதைத் திறந்தால் படம் வராது. ஆகவே அமைப்பில் வெறும் வீடியோ0 என்று எழுதியிருந்தால், ஒரு மின்தடைக்குப் பிறகு கணினி எழுந்து, மூடியிலுள்ள கேமராவை வீடியோ0 ஆக்கிவிடலாம். நிரல் அன்று முழுவதும் விசைப்பலகையையோ இருட்டையோ பொறுப்பாகக் காவல் காத்துக்கொண்டிருக்கும். லாக்கில் ஒரு பிழையும் இருக்காது, ஏனென்றால் அதன் பார்வையில் பிழையே இல்லை.

தீர்வு எளிது. டெவ் கோப்புறைக்குள் வி4எல், அதற்குள் பை-ஐடி என்று ஒரு கோப்புறை இருக்கும். அதில் கேமராவின் தயாரிப்புப் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த நீளமான பெயர்கள் இருக்கும். உங்கள் யூஎஸ்பி கேமராவின் பெயரில் 'வீடியோ-இண்டெக்ஸ்0' என்று முடிவதை எடுத்து, வீடியோ டிவைஸ் அமைப்பில் முழுப் பாதையாக எழுதிவிடுங்கள். எத்தனை முறை கணினி விழுந்து எழுந்தாலும் அது மாறாது. ஒரே தயாரிப்பில் இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பை-ஐடி குழப்பலாம். அவர்கள் பக்கத்திலிருக்கும் பை-பாத் கோப்புறையைப் பயன்படுத்தட்டும். அது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பெயர் வைக்கிறது.

மடிக்கணினியின் மூடியை மூடி வைக்கிறீர்களா? அப்படியானால் லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதைத் தூங்க வைக்கும். அதன் லாகின்டி அமைப்புக் கோப்பில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் என்பதற்கு 'இக்னோர்' கொடுங்கள். லாக்கில் மணிக்கணக்கில் ஒரு வரியும் இல்லாத இடைவெளிகள் தென்பட்டால் சந்தேகம் வேண்டாம், கணினி உறங்கியிருக்கிறது.

அடுத்தது படம் உண்மையில் வருகிறதா என்பது. உலாவியில் அதே கணினியின் 8081 துறையை (போர்ட்) திறந்தால், அமைப்புக் கோப்பில் மாற்றியிராவிட்டால், நேரலைப் படம் தெரியும். சாம்பல் நிறப் பின்னணியில் கேமராவைத் திறக்க முடியவில்லை என்ற ஆங்கில வாசகம் வந்தால் பெரும்பாலும் வேறொரு நிரல் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெப்கேம் படம் காட்டும் சீஸ் நிரலோ வீடியோ அழைப்புக்காகத் திறந்த உலாவித் தாளோ பின்னால் ஓடுகிறதா என்று பாருங்கள். யூவிசி கேமராவிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு நிரல்கள் படம் எடுக்க முடியாது. நீங்களே கேமராவைச் சோதிக்கச் சீஸைத் திறக்கும் முன் மோஷன் சேவையை நிறுத்த வேண்டியதும் இதனால்தான்.

படம் வந்து வந்து நின்றால் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டைப் பாருங்கள். யூவிசி வீடியோ என்று தொடங்கி -71 என்ற எண்ணோடு வரிகள் வரிசையாக விழுந்தால் கம்பியையோ இணைப்பையோ சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2.0 கம்பிக்கு விதி வகுத்த நீளமே 5 மீட்டர்தான். கேட்டுக்கு அருகில் கேமராவை வைக்க வேண்டும் என்று மலிவான நீட்டிப்புக் கம்பிகள் இரண்டை ஒட்டுப்போட்டவர்கள் இந்த எண்ணை நன்கு அறிவார்கள்.

இன்னொரு பிழை உண்டு, அதன் வாசகம் ஆளையே திசைதிருப்பிவிடும். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வரும். வட்டு நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பழைய வீடியோக்களையெல்லாம் அழிப்பார்கள். பிழை அப்படியே இருக்கும். கேமராவைத் தொடங்கும் இடத்தில் இந்த வாசகம் வந்தால் வட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யூஎஸ்பி பாதையில் இடமில்லை என்று பொருள். கணக்குப் போட்டால் புரியும். ஒய்யூஒய்வி என்ற சுருக்காத வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640க்கு 480 படம் ஒன்று 6,14,400 பைட். நொடிக்கு 30 படம் என்றால் ஏறத்தாழ 18.4 மெகாபைட். யூஎஸ்பி 2.0 கேமராவுக்குத் தடையில்லாமல் ஒதுக்கக்கூடிய உச்சம் நொடிக்குச் சுமார் 24.5 மெகாபைட். ஒரு கேமராவே முக்கால் பங்கை விழுங்கிவிட்டது. அதே ஹப்பில் இரண்டாவது கேமராவுக்கு எங்கே இடம்? 1280க்கு 720 என்றால் 30 படத்துக்கு 55 மெகாபைட் வேண்டும். அதனால்தான் பல கேமராக்கள் அந்த அளவில் ஒய்யூஒய்வி கேட்டால் நொடிக்கு 10 படத்துக்கு மேல் தருவதில்லை.

இதற்கு மருந்து எம்ஜேபெக். கேமராவே ஒவ்வொரு படத்தையும் சுருக்கி அனுப்பும். வி4எல்-யுட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பை நிறுவி, வி4எல்2-சிடிஎல் கட்டளைக்கு 'லிஸ்ட் ஃபார்மட்ஸ் எக்ஸ்ட்' தெரிவைக் கொடுத்தால், உங்கள் கேமரா எந்த வடிவத்தில், எந்த அளவில், எத்தனை படம் தரும் என்று முழுப் பட்டியல் வரும். எம்ஜேபெக் அதில் இருந்தால் மோஷனில், பட வடிவத்தைக் குறிக்கும் பேலட் எண்ணை 8 ஆக்குங்கள். ஒய்யூஒய்வியின் எண் 15, பொதுவாக இருக்கும் மதிப்பு 17. சுருக்கத்தை அவிழ்க்கச் செயலி கொஞ்சம் அதிகம் உழைக்க வேண்டும். பழைய கணினியாக இருந்தால் 640க்கு 480, நொடிக்கு 10 படம் போதும். வாசலில் யார் வந்தார் என்று பார்க்க இதற்குமேல் தேவையில்லை என்பதே என் கருத்து. ஃபுல் எச்டி ஆசையால் மூச்சு வாங்கும் பழைய கணினிகளை நிறையவே பார்க்கலாம்.

இனி த்ரெஷோல்டு. இது பலரும் நினைப்பதுபோல விழுக்காடோ உணர்திறன் அளவோ அல்ல. எத்தனை பிக்சல்கள் மாறினால் அசைவு என்று கொள்வது என்ற நேரடி எண்ணிக்கை. 640க்கு 480 படத்தில் மொத்தம் 3,07,200 பிக்சல்கள், அதில் 1500 என்பது அரை விழுக்காட்டுக்குச் சற்றே குறைவு. படத்தை 1280க்கு 720 ஆக்கினால் மொத்தம் 9,21,600. அதே 1500 இப்போது 0.16 விழுக்காடுதான். எண்ணைத் தொடாமல் படத்தை மட்டும் பெரிதாக்கியவருக்கு நிரல் மூன்று மடங்கு பதற்றக்காரனாகிவிடுகிறது. பழைய நிலை வேண்டுமானால் 4500 ஆக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு: கேட் தொலைவில் இருந்து, அங்கே நிற்கும் ஆள் படத்தில் 20க்கு 60 பிக்சல் அளவே தெரிந்தால் அவர் முழுவதுமே 1200 பிக்சல்தான். 1500ஐ எப்படித் தாண்டுவார்? தபால்காரர் பதிவாகாததற்கு இது போதும்.

ஆகவே எண்ணை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். டெக்ஸ்ட் சேஞ்சஸ் அமைப்பை ஆன் ஆக்கினால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மாறிய பிக்சல்களின் எண்ணிக்கை எழுதப்படும். நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரும் இல்லாதபோது எண் எவ்வளவு தாவுகிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் ஒருவரைக் கேட்டுக்கு அனுப்பி, நடந்து வரச் சொல்லிப் பாருங்கள். வெறும் வாசலுக்கு 300க்குள் இருந்து, ஆள் வரும்போது 900 காட்டினால் த்ரெஷோல்டு 600 என்று வையுங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இடைவெளியே இல்லையென்றால் த்ரெஷோல்டால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. கேமராவை நெருக்கமாக வைக்க வேண்டும், அல்லது தொல்லை தரும் பகுதியை மறைக்க வேண்டும்.

இதைவிடத் தெளிவாகப் பார்க்கச் செட்டப் மோட் இருக்கிறது. மோஷன் கட்டளையோடு 'எஸ்' தெரிவைச் சேர்த்து ஓட்டினால் நேரலையில் வழக்கமான படத்துக்குப் பதில் நிரல் எதை அசைவு என்று நினைக்கிறதோ அது மட்டும் தெரியும். பாதிப் பிரச்சினைகள் இந்தக் காட்சியைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். சுவரில் ஆடும் தென்னங்கீற்றின் நிழல், கொடியில் காயும் வேட்டி, படத்தின் மூலையில் நீங்களே போட்ட கடிகார எழுத்து என்று குற்றவாளிகள் வரிசையாக வந்து நிற்பார்கள். உங்கள் மதிய வீடியோக்களுக்கும் இங்கே விடை கிடைக்கும். மேகம் வந்து விலகும்போது படம் முழுவதும் ஒரே நொடியில் வெளுக்கிறது. அதற்கு லைட்ஸ்விட்ச் பெர்சன்ட் அமைப்பு: படத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் ஒரேயடியாக மாறினால் அதை அசைவாகக் கொள்ளாது. இதை மிகக் குறைவாக வைத்தால் கேமராவுக்கு முன்னால் நெருங்கி வரும் திருடனையும் மேகம் என்று விட்டுவிடும். 50க்குக் கீழே போக நான் சொல்லமாட்டேன்.

மரமும் தெருவும் படத்துக்குள் விழுந்தால் மாஸ்க் ஃபைல் போடுங்கள். படத்தின் அதே அளவில் ஒரு பிஜிஎம் படக் கோப்பு. கிம்ப் என்ற பட நிரலில் வரையலாம். வெள்ளைப் பகுதியில் அசைவு தேடும், கறுப்புப் பகுதியை விட்டுவிடும். அண்டை வீட்டு வாசல் உங்கள் படத்தில் விழுந்தால் மாஸ்க் பிரைவசி என்ற தனி அமைப்பால் அதைப் பதிவிலிருந்தே மறைத்துவிடுங்கள். அவர்கள் எப்போது வருகிறார்கள், போகிறார்கள் என்பது உங்கள் வட்டில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

பூச்சி, ஒரு கணப் பளிச்சிடல் போன்றவற்றுக்கு மினிமம் மோஷன் ஃப்ரேம்ஸ் எண்ணை 1லிருந்து 2 அல்லது 3 ஆக்கினால் போதும். தொடர்ந்து அத்தனை படங்களில் அசைவு இருந்தால்தான் நம்பும்.

நிரலைக் குறை சொல்லும் முன் கேமராவின் சுபாவத்தையும் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டைகள் ஓடினால் கேமராவின் பவர் லைன் ஃப்ரீக்வென்சி 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வி4எல்2-சிடிஎல் மூலம் அந்த மதிப்பை 1 ஆக்குங்கள். தானியங்கிக் குவியம் இருந்தால் அணையுங்கள், இருட்டில் அது முன்னும் பின்னும் தேடும் ஒவ்வொரு முறையும் படம் முழுவதும் மாறும். மாலை மங்கியதும் படம் இழுவையாக நகர்ந்தால், வெளிச்சம் போதாமல் கேமரா தானே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. எக்ஸ்போஷர் ஆட்டோ பிரையாரிட்டியை 0 ஆக்கினால் வேகம் திரும்பும், படம் இருண்டுவிடும். புதிய கர்னல்களில் இதன் பெயர் எக்ஸ்போஷர் டைனமிக் ஃப்ரேம்ரேட். இந்த மதிப்புகள் கேமராவைப் பிடுங்கிச் செருகினால் மறந்துபோகும் என்பதால் மோஷனின் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைப்பது நல்லது. இரவில் ஜன்னல் கண்ணாடியில் அறை விளக்குதான் பிரதிபலிக்கும், வாசல் அல்ல. அதற்கு எந்த அமைப்பும் இல்லை. விளக்கை அணைத்து, வாசல் விளக்கைப் போடுங்கள்.

வீடியோ விழுகிறது, ஆனால் தாவித் தாவி ஓடுகிறது என்றால் அது கோளாறே அல்ல. ஈவன்ட் கேப் 60 என்றால் கடைசி அசைவுக்குப் பின் 60 நொடி வரை அது ஒரே நிகழ்வு, ஒரே கோப்பு. ஆனால் அந்த இடைவெளியில் அசைவில்லாத படங்களை நிரல் சேர்ப்பதில்லை. ஆள் நின்று யோசித்த நேரம் வீடியோவில் இருக்காது. அசைவு நின்ற பிறகும் பதிவைத் தொடரச் செய்யும் போஸ்ட் கேப்சரைக் கூட்டுங்கள். அது நொடிக் கணக்கு அல்ல, படக் கணக்கு: நொடிக்கு 10 படம், 5 நொடி வேண்டும் என்றால் 50. ஆள் படத்தின் நடுவில் வந்த பிறகே வீடியோ தொடங்கினால், அசைவுக்கு முந்தைய படங்களைச் சேர்க்கும் பிரீ கேப்சர் 5 அல்லது 10 வையுங்கள். நூறு என்று வைத்தால் அத்தனை படமும் நினைவகத்தில் காத்திருந்து ஒரேயடியாகச் சுருங்க வேண்டும். பழைய கணினி திணறி, அடுத்த நொடிகளின் படங்களைத் தவறவிடும்.

மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், மடிக்கணினியின் பேட்டரியும் செத்திருந்தால், மூவி கோடெக்கை எம்பி4 ஆக வைக்காதீர்கள். எம்பி4 கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. பாதியில் மின்சாரம் போனால் கோப்பு இருக்கும், ஓடாது. எம்கேவி அப்படியல்ல, எழுதிய வரைக்கும் பெரும்பாலும் ஓடும். மூவி மேக்ஸ் டைம் 120 என்று வைத்தால் இழப்பு இரண்டு நிமிடத்தோடு போகும்.

பழைய வழிகாட்டிகளிலிருந்து அமைப்புகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தால் லாக்கை ஒரு முறை படியுங்கள். மோஷன் 4.2 பதிப்பில் பல பெயர்கள் மாறின. எஃப்எஃப்எம்பெக் அவுட்புட் மூவீஸ் என்றிருந்தது மூவி அவுட்புட் ஆனது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் பட்டைக் கம்பியால் இணைக்கும் கேமராவை வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: அதன் இயங்குதளத்தின் 2021இல் வந்த புல்சை பதிப்பிலிருந்து அது லிப்கேமரா என்ற மென்பொருள் வழியாக வருவதால், மோஷனை லிப்கேமரிஃபை கட்டளை மூலம் தொடங்க வேண்டும். யூஎஸ்பி வெப்கேமுக்கு இது தேவையில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு வேலை பாக்கி. ஏழு நாளுக்கு மேற்பட்ட வீடியோக்களை ஃபைண்ட் கட்டளையால் அழிக்கும் ஒரு வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போடுங்கள். மோஷன் தானாக எதையும் அழிக்காது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று 8080 (கட்டுப்பாட்டுப் பக்கம்), 8081 துறைகளை ரவுட்டரில் நேராகத் திறந்துவிடாதீர்கள். ஸ்ட்ரீம் லோக்கல்ஹோஸ்ட், வெப்கன்ட்ரோல் லோக்கல்ஹோஸ்ட் இரண்டும் ஆன் ஆகவே இருக்கட்டும், எஸ்எஸ்எச் சுரங்கம், விபிஎன் போன்ற மறையாக்கம் செய்த இணைப்பு வழியாக உள்ளே வாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மதிய வீடியோக்கள் தொடர்ந்தால், அவற்றில் ஒன்றின் மூலையில் பதிவான பிக்சல் எண்ணையும் அந்த நேரத்து லாக் வரிகளையும் எழுதுங்கள், பார்க்கிறேன்.